சிசேரியன் சத்திரசிகிச்சையும் தாயின் குருதியமுக்கமும்

சத்திரசிகிச்சை மூலம் மகவீனும் தாய் இக்காலத்திற் பெரும்பாலும் விழித்திருந்தே தன் குழந்தையின் முதலழுகையைக் கேட்கின்றாள். முதுகின் கீழ்ப்பகுதியில், முள்ளந்தண்டின் இரண்டு என்புகளுக்கிடையே நுழையும் மெல்லிய ஊசி வழியாக ஏறத்தாழ இரண்டு மில்லிலீற்றர் மருந்து உட்செல்லுகின்றது. சில நிமிடங்களுள் நெஞ்சிலிருந்து பாதம் வரை நோவுணர்வு அற்றுப்போகின்றது. அறிவு மயங்குவதில்லை, மூச்சு தடைப்படுவதில்லை. ஆயினும் அதே சில நிமிடங்களுள் தாயின் குருதியமுக்கமும் வீழத் தொடங்குகின்றது. தடுப்பு முறை எதனையுங் கையாளாதவிடத்துப் பத்துத் தாய்மாரில் எழுவர், எண்மர் வரைக்கும் இவ்வீழ்ச்சி நேர்வதுண்டு. "தலை சுற்றுகிறது, வயிற்றைப் பிரட்டுகிறது" என்று தாய் கூறுகின்றாள். மூளையின் அடிப்பகுதிக்குப் போதிய குருதி செல்லவில்லை என்பதன் அறிகுறி அது. கருவி எண்ணைக் காட்டுவதற்கு முன்னரே தாயின் வாய்ச்சொல் அதனை அறிவித்துவிடுவதும் உண்டு.

முழு மயக்கங் கொடுத்துவிட்டால் இவ்வல்லல் இல்லையே என்று ஒருவர் வினவலாம். முழு மயக்கத்திற்கு வேறோர் அச்சம் உண்டு. நிறைமாதக் கருப்பை இரைப்பையை மேனோக்கித் தள்ளுகின்றது. உணவு கீழிறங்கும் வேகமும் பேற்று நோவின்போது குறைகின்றது. மயங்கிய நிலையில் இரைப்பையிலுள்ள அமிலம் மேலெழுந்து நுரையீரலுட் புகுமாயின் உயிருக்கே இடர் நேரலாம். அமெரிக்க வைத்தியர் கேட்டிஸ் மென்டெல்சன் 1946ஆம் ஆண்டில் இவ்வாறு நேர்ந்த 66 நிகழ்ச்சிகளை எடுத்து விளக்கினார். கருவுற்ற பெண்ணின் தொண்டையில் வீக்கம் மிகுந்திருத்தலால், சுவாசக் குழாயுட் செயற்கைக் குழாயைச் செலுத்துவதும் பிறருக்குச் செய்வதினும் கடினமாகும். இக்காரணங்களாலேயே முள்ளந்தண்டு விறைப்பூசி மகப்பேற்று மனைகளில் முதலிடம் பெற்றது. ஜெர்மனியின் கீல் நகரில் ஓகஸ்ட் பியர் என்னும் சத்திரவைத்தியர் 1898இற் கொக்கெயினைக் கொண்டு முதன்முதல் வெற்றியுடன் கையாண்ட முறை இது. அவர் தம் உதவியாளர் ஹில்டெபிரான்டுடன் ஒருவர் மீது மற்றவர் இச்சோதனையை நடத்திப் பின்னர்க் கடுந் தலைவலியால் வருந்திய செய்தி மருத்துவ வரலாற்றிற் பலரும் அறிந்தது. இன்று கொக்கெயினின் இடத்தைப் புபிவாகெயின் என்னும் மருந்து பெற்றுள்ளது. ஊசியும் மிக மெல்லியதாகிவிட்டது. தலைவலி அருகிற்று, குருதியமுக்க வீழ்ச்சி மட்டும் விடாது தொடர்ந்தது.

இவ்வீழ்ச்சியின் காரணத்தை விளங்கிக்கொள்ள நரம்புகளின் ஒழுங்கைச் சிறிது நோக்கவேண்டும். நோவையுணர்த்தும் நரம்புகள் மட்டும் முண்ணாணிலிருந்து புறப்படுவதில்லை. பரிவு நரம்புத்தொகுதி என்னும் தானியங்கித் தொகுதியின் நார்களும் அங்கிருந்தே புறப்படுகின்றன. அவை முதலாவது நெஞ்சறைத் துண்டத்திற்கும் இரண்டாவது நாரித் துண்டத்திற்கும் இடைப்பட்ட பகுதியிலிருந்து வெளிவந்து, குருதிக் குழாய்களின் சுவரை இடையறாது ஓரளவு இறுக்கிப் பிடித்திருக்கின்றன. சிசேரியன் சத்திரசிகிச்சையில் வெட்டு அடிவயிற்றிலேயே இடப்படினும், வயிற்றறையின் உட்சவ்வை இழுக்கும்போது நோவு தோன்றாதிருக்க வேண்டுமாயின் விறைப்பு நான்காவது நெஞ்சறை நரம்பு வரை, அதாவது முலைக்காம்பின் மட்டம் வரை உயரவேண்டும். அவ்வாறு உயர்கையில் பரிவு நரம்புகளின் பெரும்பகுதியும் உடன் செயலிழக்கின்றது. பிடி தளர்ந்ததும் நாடிகளின் நுண்கிளைகளாகிய புன்னாடிகள் விரிகின்றன. கால்களிலும் வயிற்றிலும் உள்ள நாளங்கள் குருதியைத் தேக்கிவைக்கின்றன. விறைப்பு இன்னும் மேலேறி முதல் நான்கு நெஞ்சறைத் துண்டங்களையும் பற்றுமாயின், இதயத்தை விரைவுபடுத்தும் நார்களும் ஓய்ந்துவிடும்.

இத்துடன் கருப்பையின் பாரமுஞ் சேர்கின்றது. நிறைமாதத் தாய் மல்லாந்து கிடக்கும்போது, உடலின் கீழ்ப்பாதியிலிருந்து குருதியை இதயத்திற்கு மீட்டுவரும் கீழ்ப்பெருநாளம் கருப்பைக்கும் முள்ளந்தண்டுக்கும் இடையே நசுங்குகின்றது. ஊசி எதுவுமே போடாத சில தாய்மாருக்குக்கூட மல்லாந்து கிடந்த அளவில் முகம் வெளிறி, வியர்த்து, அமுக்கம் தாழ்வதுண்டு. 1953இல் அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் மூவர் இந்நிலைக்கு ஒரு பெயரிட்டு விரிவாக எழுதினர். மற்றைய தாய்மார் வெளிறாதிருப்பது அவர்களின் பரிவு நரம்புகள் குழாய்களை மேலும் இறுக்கி ஈடுசெய்வதாலேயாம். விறைப்பூசி அந்த ஈட்டையும் பறித்துவிடுகின்றது.

வயிற்றிலுள்ள சிசுவின் நிலை இவ்விடத்திற் சிறப்பாக நோக்கற்பாலது. மூளை, சிறுநீரகம் முதலிய உறுப்புகள் அமுக்கம் ஓரளவு தாழ்ந்தாலும் தமது குழாய்களை விரித்துத் தமக்குரிய குருதியைப் பெற்றுக்கொள்ளும் ஆற்றலுடையன. கருப்பைக்கு அவ்வாற்றல் ஏறக்குறைய இல்லை. நிறைமாதத்தில் அதன் குழாய்கள் முன்னரே இயன்றவரை விரிந்துள்ளன. நிமிடமொன்றுக்கு 500 முதல் 700 மில்லிலீற்றர் வரையான குருதி அவற்றினூடாகப் பாய்கின்றது. தாயின் அமுக்கம் தாழ்ந்தால் அப்பாய்ச்சலும் தாழும். நஞ்சுக்கொடி என வழங்கும் சூல்வித்தகத்தினூடாகவே சிசுவுக்கு ஒட்சிசன் கிடைப்பதால், தாயின் அமுக்கம் நெடுநேரம் தாழ்ந்து நிற்கின் சிசுவின் குருதியில் அமிலத்தன்மை ஏறுகின்றது. நலமுள்ள தாய்க்கு இரண்டொரு நிமிடத் தாழ்வு பெருந்தீங்கு செய்வதில்லை. முன்னரே நலிந்திருக்கும் சிசுவோ அத்தனை பொறுக்கமாட்டாது.

ஆகவே வீழ்ச்சியைத் தடுத்தல் வேண்டும் என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. எவ்வாறு தடுப்பது என்பதிலேயே அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கருத்துக்கள் மாறி மாறி வந்துள்ளன. அம்மாற்றங்களை நோக்கின், பொருத்தமாகத் தோன்றும் விளக்கம் வேறு, சோதனையில் நிலைபெறும் உண்மை வேறு என்பது புலனாகும்.

முதலிற் கிடக்கையை எடுத்துக்கொள்க. தாயின் வலப்பக்க இடுப்பின் கீழ் ஆப்பொன்றை வைத்தோ மேசையைச் சரித்தோ அவளை இடப்பக்கமாக 15 பாகை சாய்க்கும் வழக்கம் 1970ஆம் ஆண்டுகளிற் பரவிற்று. கீழ்ப்பெருநாளம் முள்ளந்தண்டின் வலப்பக்கத்தே செல்வதால் இது நியாயமான ஏற்பாடே. ஆயின் ஜப்பானிய ஆய்வாளர் 2015இற் காந்தப் படமெடுத்து நோக்கியபோது, 15 பாகைச் சாய்வில் அந்நாளத்தின் கொள்ளளவு மல்லாந்த நிலையில் இருந்ததிலும் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. 30 பாகையிலேயே அது விரிந்தது. முப்பது பாகை சாய்த்த மேசையிற் சத்திரவைத்தியர் வேலை செய்வது எளிதன்று. தாயும் சறுக்கி விழுவோமோ என அஞ்சுவாள். 2017இல் அமெரிக்காவில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, சேலைனும் அமுக்க மருந்தும் ஒழுங்காக ஏற்றப்பட்ட நலமுள்ள தாய்மாரில், சாய்க்காது விடுவதாற் சிசுவின் அமில நிலை கெடவில்லை எனக் காட்டிற்று. ஆனாற் சாய்க்காதவருக்கு அமுக்க மருந்து கூடுதலாகத் தேவைப்பட்டது. சாய்த்தல் செலவற்றது, தீங்கற்றது. ஆதலால் அது கைவிடப்படவில்லை. அதனை மட்டும் நம்பியிருக்கும் காலமே போயிற்று.

அடுத்தது சேலைன். விரிந்த குழாய்களை நிரப்பிவிட்டால் அமுக்கம் தாழாது என்ற எண்ணத்தில், ஊசி போடுவதற்கு முன் ஒரு இலீற்றர் வரை சேலைன் ஏற்றும் முறை 1968ஆம் ஆண்டளவில் வழக்கிற்கு வந்தது. கால் நூற்றாண்டு காலம் அது ஏறக்குறைய மீறலாகாத விதியாகவே போற்றப்பட்டது. அவசரத் தறுவாயிலும், சேலைன் முழுவதும் இறங்கும்வரை ஊசியைப் பிற்போட்ட இடங்கள் உண்டு. தென்னாபிரிக்காவின் டர்பன் நகர ஆய்வாளர் 1993இல் இவ்விதியைச் சோதித்தனர். சேலைன் முன்கூட்டிப் பெற்ற தாய்மாருள் நூற்றுக்கு 55 பேருக்கும், பெறாதவருள் நூற்றுக்கு 71 பேருக்கும் அமுக்கம் வீழ்ந்தது. பயன் சிறிது உண்டு. ஆனால் விதியென்று போற்றத்தக்க அளவில் இல்லை. நாளத்துள் முன்கூட்டியே இறங்கிய நீர், தேவைப்படும் நேரம் வருமுன்னரே குழாய்களை விட்டு இழையங்களுட் கசிந்துவிடுகின்றது. ஊசி போடும் அக்கணத்திலேயே சேலைனை விரைந்து ஏற்றுதல் அதனினும் பொருத்தமான முறையாயிற்று.

சேலைனின் பயன் ஏன் இத்துணை குறுகியது என்பதற்கு நோர்வேயின் ஒஸ்லோவில் நடந்த ஆய்வு (2008) விடை தந்தது. இதயம் ஒவ்வொரு நிமிடமும் செலுத்தும் குருதியின் அளவை இடையறாது அளந்தபோது, விறைப்பூசிக்குப் பின் அவ்வளவு முதலிற் குறையவில்லை, கூடிற்று. அமுக்கமோ தாழ்ந்தது. எனவே குழாய்கள் வெறுமையாகியதை விட, புன்னாடிகள் விரிந்து தடை குறைந்தமையே வீழ்ச்சிக்கு முதற் காரணமாதல் வேண்டும். வாய்க்கால் அகன்றமையால் நீர்மட்டம் தாழ்ந்த வயலில், கிணற்றிலிருந்து மேலும் மேலும் இறைப்பதை விட வாய்க்காலைக் குறுக்குவதே தக்கது. இவ்வுவமை குருதிச் சுற்றோட்டத்திற்கு முற்றும் பொருந்தாது. எனினும் மருந்துகளின் கதைக்கு அது வழிகாட்டும்.

அக்கதையிற் பெரும் பங்கு பெறுவது எபெட்ரின். சீன மருத்துவத்தில் மா ஹுவாங் என நெடுங்காலம் வழங்கிய செடியிலிருந்து ஜப்பானிய இரசாயன அறிஞர் நாகாய் நாகயோஷி 1885இல் இதனைப் பிரித்தெடுத்தார். பீக்கிங்கில் ஆய்வு செய்த சென், ஷ்மித் என்னும் இருவர் 1924இல் இதன் இயல்புகளை மேலை நாட்டாருக்கு விரித்துரைத்தனர். அதன்பின் சில ஆண்டுகளுள் முள்ளந்தண்டு ஊசியால் வீழ்ந்த அமுக்கத்தை உயர்த்த இது பயன்பட்டு வந்தது. எபெட்ரின் குழாய்களை ஓரளவு இறுக்குவதோடு இதயத்தையும் வேகமாகத் துடிக்கச் செய்கின்றது. 1974இல் அமெரிக்க ஆய்வாளர் சினையுற்ற செம்மறிகளில் நான்கு மருந்துகளை ஒப்பிட்டனர். எபெட்ரின் கருப்பைக்குச் செல்லும் குருதியைக் குறைக்கவில்லை; குழாய்களை மட்டும் இறுக்கும் மெதொக்சமின் போன்றவை குறைத்தன. முடிவு தெளிவாகத் தோன்றிற்று. குழாயை இறுக்கும் மருந்து சிசுவின் குருதியையும் இறுக்கிவிடும். ஆகவே எபெட்ரினே ஏற்றது என்று பாடநூல்கள் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உரைத்தன.

செம்மறி நாற்காலில் நிற்பது. மேசையில் மல்லாந்து கிடப்பதன்று. ஒப்பிடப்பட்ட நான்கு மருந்துகளுட் பினைலெப்ரின் இருக்கவுமில்லை. அதன் இனத்தைச் சேர்ந்த மெதொக்சமினைக் கொண்டே அதுவும் விலக்கப்பட்டது. பெண்களிலேயே நேராக நடந்த சோதனைகள் வேறொன்றைக் காட்டின. அவற்றில் முன்னின்றவர் ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழக ஆய்வாளர். எபெட்ரின் பெற்ற தாய்மாரின் சிசுக்களிலேயே கொப்பூழ்க்கொடிக் குருதியின் அமிலத்தன்மை கூடுதலாக இருந்தது. பினைலெப்ரின் பெற்றவரின் சிசுக்களில் அது குறைவு. காரணம் 2009இல் வெளியான அவர்களது ஆய்விற் புலப்பட்டது. எபெட்ரின் சூல்வித்தகத்தைத் தாராளமாகக் கடக்கின்றது. கொப்பூழ்க்கொடி நாளத்தில் அதன் செறிவு, தாயின் குருதியிலுள்ள செறிவினும் சற்றுக் கூடியதாய் 1.13 மடங்கு இருந்தது. பினைலெப்ரினுக்கு அவ்விகிதம் 0.17 மட்டுமே. சிசுவைச் சென்றடைந்த எபெட்ரின் அதன் உடலையும் தூண்டி, ஒட்சிசனையும் வெல்லத்தையும் விரைந்து எரிக்கச் செய்கின்றது. கருப்பைக்குக் குருதி குறையாது பாய்ந்தும் சிசு களைத்தது ஏன் என்ற புதிர் இவ்வாறு அவிழ்ந்தது. தாயின் கையிற் கட்டிய கருவி இரு மருந்துகளுக்கும் ஒரே எண்ணைக் காட்டியிருக்கும்; சிசுவுக்கு அவ்விரண்டும் ஒன்றல்ல.

பினைலெப்ரினும் குறையற்றதன்று. குழாய்கள் இறுகி அமுக்கம் ஏறும்போது இதயம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கின்றது. மருந்து மிகின் நாடித்துடிப்பு 60, 50 எனத் தாழ்ந்து, இதயம் செலுத்தும் குருதியின் அளவும் குறையும். இதனாலேயே, குழாயை இறுக்குவதுடன் இதயத்தையும் மெல்லத் தூண்டும் நோர்அட்ரினலினை மிகச் சிறிய அளவிற் கொடுக்கும் முறையை அதே ஹொங்கொங் ஆய்வாளர் 2015இல் ஆராய்ந்தனர். அமுக்கம் ஒரே அளவில் நின்றது. நாடித்துடிப்பு பினைலெப்ரின் பெற்றவரினும் மேலாக இருந்தது. அதன்பின் அம்மருந்தும் பல நாடுகளில் இடம்பெறத் தொடங்கிற்று.

எந்த மருந்து என்பதைப் போலவே எந்த நேரம் என்பதும் முதன்மையானது. பழைய முறையில் அமுக்கம் வீழ்ந்த பின்னரே மருந்து ஏற்றப்பட்டது. கருவி அளந்து முடிக்கவும், வைத்தியர் மருந்தை எடுக்கவும், அது இதயத்தைச் சேரவும் சில நிமிடங்கள் கழிந்துவிடும். அதற்குள் தாய் வாந்தியெடுத்துவிடுவாள். ஹொங்கொங் ஆய்வாளரின் 2005ஆம் ஆண்டுச் சோதனை வேறு வழியைக் காட்டிற்று. அதிற் பங்குபற்றிய தாய்மார் எல்லோருக்கும் ஊசி போட்ட உடனேயே பினைலெப்ரின் தொடர்ச்சியாக ஏற்றப்பட்டது. அவருட் சேலைனையும் அதே வேளையில் விரைந்து பெற்றவருள் நூற்றுக்கு 1.9 பேருக்கே அமுக்கம் வீழ்ந்தது. சேலைன் மிகச் சிறிதளவே பெற்றவருள் அது நூற்றுக்கு 28.3. தனித்து நின்றபோது சிறுபயனே தந்த சேலைன், மருந்துடன் சேர்ந்தபோது பெரும்பயன் தந்தமை நோக்குக.

பல நாட்டு வல்லுநர் கூடி 2018இல் வெளியிட்ட உடன்பாட்டு அறிக்கை இவ்வாய்வுகளைத் தொகுத்து ஒரு நெறியை வகுத்தது. தாயின் சுருங்கமுக்கம், அதாவது கருவி காட்டும் இரு எண்களுள் மேலானது, ஊசிக்கு முன் இருந்ததில் நூற்றுக்குத் 90 பங்கிற்குக் குறையாது காக்கப்படவேண்டும். 80 பங்கிற்குக் கீழ்ச் செல்ல விடலாகாது. ஊசிக்கு முன் 120 மில்லிமீற்றர் இரசம் இருந்த தாய்க்கு 108 என்பது முதல் எல்லை. 96 என்பது கடக்கலாகாத எல்லை. பினைலெப்ரினை நிமிடத்திற்கு 25 முதல் 50 மைக்கிரோகிராம் என்ற அளவில் ஊசி போட்டவுடன் தொடங்கி, அமுக்கத்தையும் நாடித்துடிப்பையும் கண்டு கூட்டிக் குறைத்தல் வேண்டும். இக்கணக்கிற்கெல்லாம் அடிப்படை ஊசிக்கு முன் அளந்த எண்ணாதலால், அதனைத் தாய் அச்சத்தால் நடுங்கும் வேளையில் ஒரு முறை அளந்துவிட்டு அமைந்துவிடுதல் போதாது.

துணை முறைகள் சிலவும் உள. கால்களை மீள்தன்மையுள்ள துணியால் இறுகச் சுற்றுதல் அங்கே தேங்கும் குருதியைக் குறைக்கின்றது. இது மலிவானது, ஓரளவு பயனும் தருகின்றது. விறைப்பு மருந்தின் அளவைக் குறைத்து அபின் வகை மருந்தொன்றைச் சிறிது சேர்த்தால் வீழ்ச்சி குறையும். ஆனால் மிகக் குறைப்பின் சத்திரசிகிச்சை முடியுமுன் நோவு திரும்பிவிடக்கூடும். வாந்தியை அடக்கும் ஒண்டான்செற்றன் அமுக்கத்தையும் காக்கும் எனச் சில ஆய்வுகள் கூறுகின்றன. வேறு சில மறுக்கின்றன. எந்தவொரு முறையும் தனித்து நின்று வீழ்ச்சியை முற்றாகத் தடுப்பதில்லை என்பதே ஆய்வுகள் பலவற்றையும் ஒருங்கே தொகுத்தோர் கண்ட முடிபு.

இவ்வளவும் மருந்தும் மின்னியக்க மருந்தேற்றியும் பயிற்சி பெற்றோரும் நிறைந்த பெருநகர மனைகளுக்கு எளிதாகலாம். சிறிய வைத்தியசாலையில் நிலை வேறு. தென்னாபிரிக்காவிற் பேற்றுக்கால மரணங்களை இரகசியமாக ஆராயும் குழுவின் அறிக்கைகள், மயக்கமருந்துடன் தொடர்புடைய மரணங்களிற் பெரும்பகுதி முள்ளந்தண்டு ஊசியின் பின்னர், அதிலும் மாவட்ட வைத்தியசாலைகளில் நேர்வதைக் காட்டின. ஊசி போடுவது எளிது. போட்டபின் அருகிருந்து காப்பதே அரிது. நிமிடத்திற்கொருமுறை அமுக்கத்தை அளக்க ஒருவர் வேண்டும். அவர் குழந்தையைத் தூக்கவோ சத்திரவைத்தியருக்கு உதவவோ செல்லாதிருத்தல் வேண்டும்.

மருந்தைக் கரைப்பதிலும் இடருண்டு. பினைலெப்ரின் பல இடங்களில் ஒரு மில்லிலீற்றருள் 10 மில்லிகிராம் கொண்ட சிறு கண்ணாடிக் குப்பிகளாகவே வருகின்றது. ஒரு வேளைக்கு ஏற்றுவதோ 50 முதல் 100 மைக்கிரோகிராம். ஆகவே அச்சிறு குப்பியுள் ஏறத்தாழ நூறு வேளைக்குரிய மருந்து அடங்கியிருக்கின்றது. அதனை 100 மில்லிலீற்றர் சேலைனிற் கலந்தால் ஒரு மில்லிலீற்றருக்கு 100 மைக்கிரோகிராம் எனக் கணக்கு எளிதாகும். கலக்காது ஏற்றிவிட்டால் அமுக்கம் கட்டுக்கடங்காது ஏறி மூளையிற் குருதிக் கசிவு நேரலாம், இதயமும் பழுதுறலாம். கலந்த பையில் உடனே பெயரும் செறிவும் எழுதி ஒட்டுவது இவ்வச்சத்தினாலேயே. இவ்வாறு கலந்து கையாளும் பயிற்சி இல்லாதவிடத்து 5 முதல் 10 மில்லிகிராம் வரை எபெட்ரினை அளந்து கொடுப்பதைக் குறைகூறுதல் தகாது. சிசுவுக்குச் சிறிதளவு அமிலம் கூடுதலை விடத் தாய் உணர்விழத்தல் பெருந்தீங்காகும். நாடித்துடிப்பும் மிகத் தாழ்ந்திருக்கும் தாய்க்குப் பினைலெப்ரினை விட எபெட்ரினே பொருத்தமானதும் ஆகும்.

முன்னரே குருதியமுக்கம் மிகுந்து சூல்வலிப்புக்கு அண்மிய நிலையிலுள்ள தாய்க்கு முள்ளந்தண்டு ஊசி ஆகாது என்ற எண்ணமும் நெடுங்காலம் இருந்தது. உயர்ந்த அமுக்கம் திடீரெனப் பாதாளத்திற்கு வீழும் என அஞ்சினர். அளந்து பார்த்தபோது, அத்தகைய தாய்மாருக்கு நலமுள்ள தாய்மாரினும் வீழ்ச்சி குறைவாகவே நேர்ந்தது. அமுக்க மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. குருதி உறையுந்தன்மை குறைந்திராதவிடத்து அவருக்கும் இன்று இவ்வூசியே விரும்பப்படுகின்றது.

குழந்தை வெளிவந்த பின் தாழும் அமுக்கத்தை விறைப்பூசியின் மேற் சுமத்திவிடுவது மற்றொரு வழுவாகும். கருப்பை சுருங்குவதற்குக் கொடுக்கும் ஒட்சிற்றோசினை விரைந்து ஏற்றினாலும் குழாய்கள் விரிந்து அமுக்கம் வீழும். கருப்பை சுருங்காது தளர்ந்திருப்பின் குருதிப் பெருக்கால் வீழும். அவ்வேளையில் அமுக்க மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டு போவது பெருக்கை மறைத்துவிடும். மருந்தின் தேவை ஏறிக்கொண்டே போகுமாயின், மேசையின் தலைப்பக்கம் நிற்பவர் திரையின் மறுபுறம் எட்டிப் பார்த்து, எவ்வளவு குருதி போயிற்று எனச் சத்திரவைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.